கண் போகும் வழி

தருமபுரியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திவரும் அகழ்வைப்பகத்தில் பிரதான ஸ்தானம் வகிப்பவை நடுகற்கள். வர்ணமோ மெருகோ இல்லாத பலகைக் கற்களில், வில்லோ வாளோ ஏந்தி, உடம்பில் அம்பு தைத்த நிலையிலும் பின்வாங்காமல் நிற்கும் வீரனின் உருவம் மெல்லிய புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊர்த் தொறுவை, அதாவது எந்த ஊர் ஆநிரையை, மீட்கப் போய் அவன் பட்டான் என்ற செய்தி அதன் அருகே வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். தகடூர் என்று பழங்காலத்தில் வழங்கிய இந்தப் பிரதேசத்திலும் இதை அடுத்த செங்கம் வட்டாரத்திலும் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. 1970-களில் டாக்டர் இரா. நாகசாமியின் தலைமையில் தொல்லியல் துறையினர் இவற்றைத் தேடிப் படியெடுத்துப் பதிப்பித்த பிறகே, தமிழெழுத்தின் வளர்ச்சிக்கும் பல்லவர் காலத்துக் கிராம வாழ்க்கைக்கும் இவை எத்தகைய பிரத்தியட்ச சாட்சியங்கள் என்பது அறிஞர் உலகத்துக்கு நன்கு புலனாயிற்று.

இதே கற்கள் ஊர்ப்புறத்தில் நிற்குமானால் அவற்றின் கதியே வேறு. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேடியப்பன் என்ற பெயரில் அவற்றுக்கு எண்ணெய் சாத்தி, மாலையிட்டு, பொங்கல் வைத்து வணங்குவோர் இன்றும் உண்டு. நடுவதற்குரிய கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரையில் ஆறு கட்டங்களைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்லியிருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் மாண்டபின் அவனுடைய நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைக்கும் காட்சியை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அங்கே கல்லைப் பார்ப்பவன் பக்தன். அல்லது இறந்தவனுக்கு உற்றவன். அருங்காட்சியகத்திலோ கல்லுக்கு ஓர் எண்ணும் இரண்டு வரி விளக்கப் பலகையும் வாய்க்கின்றன. பார்ப்பவர் சுற்றுலாப் பயணியாகவோ, ஆசிரியருடன் வரிசையில் வந்த மாணவராகவோ இருக்கிறார். அவர் அந்தக் கல்லின்முன் எத்தனை வினாடி நிற்கிறார், அவருடைய கண் முதலில் எதில் படுகிறது, எதில் தங்குகிறது, எதைத் தொடாமலே நகர்ந்துவிடுகிறது என்பவற்றையெல்லாம் யந்திரங்களைக் கொண்டு அளந்தறியும் ஒரு சாஸ்திரம் உலகத்தில் வளர்ந்திருக்கிறது. நம்முடைய நடுகற்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்பதே இங்கே எடுத்துக்கொண்ட விஷயம்.

கேள்வி புதியதன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர், கண்பார்வையும் புத்தியும் நன்றாக உள்ள ஒரு மனிதரை அழைத்து, கண்ணாடிப் பேழைகளில் உள்ள பொருள்களைப் பற்றிச் சில கேள்விகளைக் கொடுத்து, அவற்றுக்கு விடை காண்பதற்காக அவர் எப்படியெல்லாம் குனிந்தும் முழந்தாளிட்டும் கழுத்தை வளைத்தும் அவஸ்தைப்பட்டார் என்பதைப் புகைப்படங்களாக எடுத்து, 1916-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையோடு வெளியிட்டார். பார்வையாளர் களைத்துப்போவதற்கு அவருடைய ஆர்வக்குறைவு காரணமன்று, பொருள்களை வைத்திருக்கும் முறையே காரணம் என்று அவர் நிலைநாட்டினார். அந்தக் களைப்புக்கு அவர் இட்ட ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்ற பெயரை இந்தத் துறையினர் இன்றளவும் வழங்கிவருகிறார்கள்.

அடுத்து வந்தவர்கள் மனோதத்துவ நிபுணர்கள். யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட்வர்ட் ராபின்சன், கையில் நேரமானியோடு பார்வையாளர்களைத் தொலைவில் இருந்தபடி பின்தொடர்ந்து, யார் எந்தப் படத்தின்முன் எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்துக்கொண்டு 1928-இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய மாணாக்கர் ஆர்தர் மெல்ட்டன் 1935-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு கூடத்துக்குள் நுழைகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் வலப்புறமாகவே திரும்புகிறார்கள் என்றும், ஒரே கூடத்தில் படங்களைப் பெருக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் கவனம் குறைந்துவிடுகிறது என்றும் கண்டார்.

மேல்நாட்டாரின் முடிவுகளை நாம் அப்படியே பெயர்த்தெடுத்து ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு அந்த வலப்புறத் திருப்பமே நல்ல உதாரணம். கோயிலுக்குள் நுழைந்தவுடன் தெய்வம் நமக்கு வலக்கைப் பக்கமாக இருக்கும்படி இடப்புறமாகத் திரும்பிப் பிரதட்சிணம் செய்வது நம்முடைய ஜனங்களுக்குப் பிள்ளைப்பிராயத்திலிருந்தே காலோடு கலந்துவிட்ட பழக்கம். அந்தக் கால்கள் ஓர் அருங்காட்சியகக் கூடத்துக்குள் நுழையும்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அமெரிக்கப் புத்தகம் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேயே நின்று எண்ணித்தான் அறிய வேண்டும். நடுகற்களை எந்த வரிசையில் வைத்தால் அவற்றின் கால வளர்ச்சி பார்ப்பவருக்குத் தானே விளங்கும் என்று தீர்மானிக்க வேண்டிய அதிகாரிக்கு இது சிறிய விஷயமன்று.

கால் போகும் வழியை நேரமானியால் அளக்கலாம்; கண் போகும் வழியை அளப்பதற்குச் சூட்சுமமான கருவி வேண்டும். நாம் ஒரு படத்தைப் பார்க்கும்போது நம்முடைய பார்வை அதன்மீது நீரோட்டம்போல ஒழுகிச் செல்வதாகவே நமக்குத் தோன்றுகிறது. உண்மை அதுவன்று. கண் ஓரிடத்தில் கால் வினாடி அல்லது மூன்றிலொரு பங்கு வினாடி நிலைக்கிறது, சட்டென்று வேறோரிடத்துக்குத் தாவுகிறது, மறுபடியும் நிலைக்கிறது, மறுபடியும் தாவுகிறது. தாவும்போது நாம் ஏறத்தாழக் குருடர்களே, நிலைக்கும்போதுதான் பார்க்கிறோம். அப்போதும் கூர்மையாகத் தெரிவது, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுள்ள சிறு வட்டமே. மற்றவையெல்லாம் மங்கலான உத்தேசம். படிக்கும்போது கண் இவ்வாறு தாவுகிறது என்ற செய்தியைப் பாரிஸ் நகரத்துக் கண் மருத்துவர் லூயி எமில் ஷவால் 1870-களின் இறுதியில் எடுத்துரைத்தார். இந்த அறிவைச் சித்திரங்களுக்குப் பிரயோகித்தவர் சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை பஸ்வெல். அவர் 200 பேரின் கண்ணசைவுகளைப் புகைப்படச் சுருளில் பதிவுசெய்து, 1935-இல் வெளியிட்ட தம் நூலில், முதலில் கண் படம் முழுவதையும் விரைவாக ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பிறகே சில இடங்களில் நீண்ட நேரம் தங்குகிறது என்று காட்டினார்.

ஆனால் இந்தத் துறையில் யாராலும் மறக்க முடியாத பரிசோதனையைச் செய்தவர் சோவியத் விஞ்ஞானி ஆல்ஃபிரட் யார்பஸ். இலியா ரேப்பின் என்ற ருஷ்ய ஓவியர் தீட்டிய ஒரு பிரசித்தமான படம் மாஸ்கோவில் திரேத்தியாக்கோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. தேசப்பிரஷ்டத்திலிருந்து திரும்பிய ஒருவன், முன்னறிவிப்பின்றித் தன் வீட்டுக் கூடத்துக்குள் வந்து நிற்கிறான். நாற்காலியிலிருந்து எழுந்த ஒரு மூதாட்டி அவனை நோக்கி நிற்கிறாள். மேஜையருகே குழந்தைகள் திகைத்துப் பார்க்கிறார்கள். யார்பஸ், சிறு கண்ணாடித் துண்டு பொருத்திய ஒரு நுண்ணிய மூடியைப் பார்ப்பவரின் விழியிலேயே ஒட்டவைத்து, அந்தக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கொண்டு விழியின் ஒவ்வோர் அசைவையும் பதிவுசெய்தார். ஒரே மனிதருக்கு அதே படத்தை ஏழு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிஷம், காட்டினார். முதல் முறை எந்தக் கேள்வியும் இல்லை. பிறகு, இந்தக் குடும்பத்தாரின் பொருள்நிலை எப்படி என்று கேட்டார். அடுத்து, இவர்களுக்கு என்ன வயது என்று கேட்டார். உடைகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வந்தவன் எவ்வளவு காலம் வெளியே இருந்திருப்பான் என்று கேட்டார். கேள்விக்குக் கேள்வி கண்ணின் வழி மாறிற்று. வயதைக் கேட்டபோது விழி முகங்களையே சுற்றியது. பொருள்நிலையைக் கேட்டபோது மேஜை நாற்காலிகளுக்கும் உடைகளுக்கும் சென்றது. எவ்வளவு காலம் என்று கேட்டபோது வந்தவனின் முகத்துக்கும் மற்றவர்களின் முகத்துக்குமாக மாறிமாறிப் பாய்ந்தது. 1960-களில் வெளிவந்த அவருடைய நூலில் அச்சிடப்பட்டுள்ள அந்தக் கோட்டுப் படங்களை ஒருமுறை பார்த்தவர்கள், கண்ணை நடத்திச் செல்வது படம் மட்டுமன்று, மனத்தில் உள்ள கேள்வியும் அதற்குச் சமமாக நடத்திச் செல்கிறது என்பதை ஒருபோதும் மறக்கமாட்டார்கள்.

இதை நடுகல்லுக்குப் பொருத்திப் பாருங்கள். ‘வீரக்கல், கி.பி. ஏழாம் நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதிய பலகை பார்ப்பவருக்கு எந்தக் கேள்வியையும் கொடுப்பதில்லை. ஆகவே கண் மனித முகத்தை நாடி, முகம் தேய்ந்திருப்பதைக் கண்டு, ஆயுதத்தின்மீது ஒரு கணம் பட்டு, அடுத்த கல்லுக்குப் போய்விடக்கூடும். ‘இவன்மீது எத்தனை அம்புகள் தைத்திருக்கின்றன?’ என்றோ, ‘இவன் காப்பாற்றிய மாடு எங்கே நிற்கிறது?’ என்றோ பலகை கேட்குமானால், அதே கண் காலடி வரை இறங்கித் தேடும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இதற்கு மிகச் சிறந்த சான்று. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் ஆயுதபாணியாக நிற்கிறான்; அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த கிராமத்தாரின் மனத்தை அறிய வேண்டுமானால், முதலில் அந்த நாயின்மீது கண் பட வேண்டும். படச் செய்வது பலகை எழுதுகிறவரின் கடமை. பட்டதா என்று பார்த்துச் சொல்வது கருவியின் வேலை.

இன்றைய கருவி யார்பஸின் காலத்தைப்போல விழியைத் துன்புறுத்துவதன்று. சாதாரண மூக்குக்கண்ணாடி போன்ற ஒரு சட்டத்தை அணிந்துகொண்டு பார்வையாளர் தம்பாட்டுக்கு நடந்து திரியலாம். சட்டத்தின் உட்புறத்தில் உள்ள சிறு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விழிமீது வீசுகின்றன. விழியின் வெளிப்படலத்தில் அந்த ஒளி தெறிக்கும் புள்ளிக்கும் கருமணியின் மையத்துக்கும் உள்ள தூரத்தை நுண்ணிய கேமராக்கள் வினாடிக்கு ஐம்பது முறை, நூறு முறை என்று படமெடுத்து அளக்கின்றன. முன்புறம் நோக்கிய மற்றொரு கேமரா அவருக்கு எதிரே உள்ள காட்சியைப் பதிவுசெய்கிறது. இரண்டையும் கணினி இணைத்து, அவருடைய பார்வை எந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்று ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. பலருடைய புள்ளிகளை ஒன்றுசேர்த்தால், அதிகம் பார்க்கப்பட்ட இடம் சிவந்தும், குறைவாகப் பார்க்கப்பட்ட இடம் நீலமாகவும் தோன்றும் வர்ணப்படம் ஒன்று கிடைக்கும். பயன்படுத்துவதற்கு முன் ஒவ்வொருவருடைய கண்ணுக்கும் ஏற்பக் கருவியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்; இல்லையேல் நாயைப் பார்த்தவர் வீரனின் கணுக்காலைப் பார்த்ததாகப் பதிவாகிவிடும்.

இத்தகைய கண்ணாடிகளை அணிவித்து ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2017-இல் வெளியாயிற்று. ஐந்து ஓவியங்கள்; முதலில் எதுவும் சொல்லாமல் பார்க்கவிட்டார்கள்; பிறகு படத்தைப் பற்றிய விளக்கத்தைச் சொல்லி மறுபடியும் பார்க்கச் செய்தார்கள். குழந்தைகளின் கண் முதல் முறையில் வர்ணத்தாலும் பளிச்சிடும் தன்மையாலும் தானே இழுக்கும் பகுதிகளுக்குச் சென்றது. விளக்கம் கேட்டபின் அந்தக் கவர்ச்சி தளர்ந்து, சொன்ன விஷயத்தைத் தேடிச் சென்றது. பெரியவர்களிடம் இந்த மாறுதல் அவ்வளவு தெரியவில்லை. அவர்கள் முதலிலிருந்தே தங்கள் மனத்தில் உள்ள அறிவைக் கொண்டு பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் நம் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு நேரான பாடம் இருக்கிறது: கல்லின்முன் நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தில் பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதைக் காட்டிலும், ஒரு நிமிஷம் கதையைச் சொல்லி மறுபடியும் கல்லைப் பார்க்கச் சொல்வது அவர்களுடைய கண்ணையே மாற்றும்.

கண்ணை மட்டுமன்றி உடம்பு முழுவதையும் அளப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் சங்க்ட் காலன் நகரத்துக் கலைக்கூடத்தில் 2009-இல் மார்ட்டின் த்ரோண்டில என்ற அறிஞரின் குழுவினர், பார்வையாளர்களுக்கு மின்னணுக் கையுறை ஒன்றை மாட்டி, அவர்கள் நிற்கும் இடம், இதயத் துடிப்பு, தோலின் ஈரத்தால் மாறும் மின்கடத்தும் தன்மை ஆகியவற்றை ஒருசேரப் பதிவுசெய்தார்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், பார்வையாளர்களின் கைப்பேசிகள் வெளியிடும் புளூடூத் அலைகளைக் கொண்டு அவர்கள் சென்ற வழிகளை ஆராய்ந்து, வெகுநேரம் தங்கியவர்களும் சிறிது நேரமே இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையிலான முக்கிய இடங்களையே பார்த்தார்கள் என்று 2014-இல் அறிவித்தார்கள். அதிகம் பார்ப்பது வேறு, நின்று பார்ப்பது வேறு என்பதை அது வலியுறுத்துகிறது.

நின்று பார்க்கும் நேரமோ மிகவும் சொற்பம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித்தும் லிசா ஸ்மித்தும் ஆறு தலைசிறந்த ஓவியங்களின்முன் 150 பேரைக் கவனித்து 2001-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு படத்துக்குக் கிடைத்த சராசரி நேரம் 27 வினாடி. பாதிப் பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். பின்னர் சிகாகோவில் அதே முறையில் பார்த்தபோதும் சராசரி 29 வினாடியை எட்டவில்லை. பலகையைப் படிக்கும் நேரமும் இதற்குள் அடக்கம். உலகப் பிரசித்தி பெற்ற ஓவியர் ரெம்பிராண்ட்டுக்கே இவ்வளவுதான் என்றால், பெயர் கேள்விப்படாத ஒரு கல்வீரனுக்கு என்ன கிடைக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சில வினாடிகளை வீணாக்காத பலகை எது என்று கண்டுபிடிப்பதே இந்த ஆராய்ச்சிகளின் மெய்யான உபயோகம்.

யந்திரத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விளங்காமல் விழிப்பவனின் கண்ணும், அழகில் லயித்து நிற்பவனின் கண்ணும் ஒரே இடத்தில் ஒரே நேரம் தங்கக்கூடும். இரண்டையும் ஒரே சிவப்புப் பொட்டாகத்தான் கணினி காட்டும். ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம், தன்னிடம் உள்ள வெர்மீரின் ‘முத்துத் தோட்டுப் பெண்’ ஓவியத்தைக் குறித்து மூளை மின்னலைப் பரிசோதனை ஒன்றைச் செய்வித்து, அச்சுப்படத்தைக் காட்டிலும் அசல் ஓவியம் பத்து மடங்கு வலுவான உணர்ச்சியை எழுப்புகிறது என்று 2024-இல் அறிவித்தது. கண், வாய், முத்து என்று பார்வை ஒரு முக்கோணத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருகிறது என்பது அதில் அறியத்தக்க செய்தி. ஆனால் தன் உடைமையைப் பற்றி ஓர் அருங்காட்சியகமே செய்வித்த சோதனையின் மடங்குக் கணக்கைச் சற்று நிதானத்தோடு ஏற்பதே விவேகம். ரசனையின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள, பார்த்தவரிடம் வாய்விட்டுக் கேட்பதைக் காட்டிலும் சிறந்த உபாயம் இன்னும் தோன்றவில்லை.

அனுமதி என்ற பிரச்சினையும் உண்டு. ராபின்சன் மறைந்து நின்று குறிப்பெடுத்தார்; இன்று அதே காரியத்தைக் கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் செய்யும்போது, ஒருவர் எங்கே போனார், எதைப் பார்த்தார் என்பது அவருக்குச் சொந்தமான தகவலாகிறது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. பள்ளி மாணவர்களே கூட்டமாக வரும் மாவட்ட அருங்காட்சியகங்கள் இதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

விலையுயர்ந்த கண்ணாடியும் கையுறையும் தருமபுரிக்கு வரும் வரையில் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. கூடத்தின் தரைப்படம் அச்சிட்ட ஒரு தாள், ஒரு பென்சில், கைப்பேசியில் உள்ள நேரமானி, பொறுமையுள்ள கல்லூரி மாணவர்கள் இருவர்: இவை போதும். பெயரோ முகமோ குறிக்காமல், வருபவர் எந்தப் பக்கம் திரும்புகிறார், எந்தக் கல்லின்முன் எத்தனை வினாடி நிற்கிறார், குனிந்து பார்க்கிறாரா, உடன் வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாரா என்று எழுதிக்கொள்ளலாம். பிறகு ஒரு கல்லின் பலகையை மட்டும் மாற்றி, ஒரு கேள்வியையும், தேய்ந்த உருவத்தைத் தெளிவாக்கும் ஒரு கோட்டுப்படத்தையும் சேர்த்து, மறுபடியும் அதே கணக்கை எடுக்கலாம். பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விழும்படி விளக்கை அமைத்தால் மேலோட்டமான வட்டெழுத்தும் நிழல் கொண்டு எழுந்து தோன்றும் என்பது கல்வெட்டுப் படிப்போர் எல்லாரும் அறிந்தது. பொதுஜனங்களுக்கும் அந்த வசதியைச் செய்துகொடுத்து, நிற்கும் நேரம் கூடுகிறதா என்று பார்க்கலாம். அண்மையில் உள்ள அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. அண்ணாந்து நோக்கிக் கழுத்து வலிக்க நிற்கும் பார்வையாளர் கில்மன் சொன்ன சோர்வுக்கு ஆளாகாமல் இருக்க, கையில் ஏந்திப் பார்க்கும் ஒரு கண்ணாடியோ, காட்சிகளின் வரிசையைக் காட்டும் ஒரு சிறு படமோ உதவுமா என்பதையும் இவ்வாறே சோதிக்கலாம்.

இன்னொரு பரிசோதனை நம் நாட்டுக்கே உரியது. ஸ்விட்சர்லாந்துக் குழுவினர், துணைக்கு வந்தவரோடு பேசிக்கொண்டே சுற்றுபவரைவிடத் தனித்து வருபவரிடத்தில் கலையின் தாக்கம் மிகுதி என்று கண்டார்கள். நம் ஜனங்கள் பெரும்பாலும் குடும்பமாகவே வருகிறார்கள். பாட்டி பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடக்கிறாள். அந்தப் பேச்சு கண்ணைக் கலைக்கிறதா, அல்லது யார்பஸின் கேள்வியைப்போலக் கண்ணை வழிநடத்துகிறதா? ‘எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் இதேபோல ஒரு வேடியப்பன் கல் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் அந்தக் குடும்பம் முழுவதும் திரும்பி வந்து அதே கல்லை மறுபடி பார்க்குமானால், எந்த மேல்நாட்டு முடிவும் அதைப் பொய்யாக்க இயலாது.

தொல்லியல் துறைக்கும் அருங்காட்சியகங்களை நிர்வகிப்போருக்கும் நாம் விடுக்கும் விண்ணப்பம் ஒன்றே: புதிய பலகையை நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன், அதைத் தாளில் எழுதி ஒட்டி, பத்து நாள் ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்துவிட்டு, அதன்பின் அச்சுக்குக் கொடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒகேனக்கலுக்குப் போகும் வழியில் தருமபுரியில் இறங்கி அந்த அகழ்வைப்பகத்துக்குள் நுழைந்தால், எல்லாக் கற்களையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று முயல வேண்டாம். ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, இவன் எதைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டான் என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, விடை கிடைக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.